அண்ணன் மெயில் இல்லாத போன்

எங்கள் வீட்டில் எல்லாப் போனும் அண்ணனின் மெயில் ஐடியில்தான் ஓடும். புதுப் போன் வந்தால் டப்பாவைப் பிரிப்பது அவன், மெயில் போடுவது அவன், பாஸ்வேர்டு வைத்திருப்பதும் அவன். அம்மாவுக்கும் அப்படி, எனக்கும் அப்படி. நல்லம்பள்ளிப் பக்கம் பாதி வீடுகளில் இதே கதைதான். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிற நானே இதைப் பற்றி யோசித்ததில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுல உனக்கு என்ன வேலை?"

"காய் வாங்கப் போனேன்."

"காய் வாங்க அவ்ளோ தூரமா? என் மெயில்ல மேப்பு எல்லாம் காட்டுதுடி."

தங்கச்சி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஓசூரில் ஒளிந்திருந்தாள். இடம் தெரிந்தால் வெட்டுவேன் என்று வாசலில் நின்று சொன்னவன் இவன். அவளை நான் பாதி வழியில், அந்த பஸ் ஸ்டாண்டில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

மெயிலை அழித்தால் மறுநாளே திரும்பப் போடுவான். அவன் மெயிலைப் போடவே இடமில்லாத போன் எனக்கு வேண்டும். லேப்டாப்பில் ஏற்கெனவே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான்; யாரும் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம், எவன் மெயிலையும் கேட்காது. என் போனில் ஏறக்கூடிய லினக்ஸ் இரண்டு இருந்தன. ஒன்றில் கால் பேசலாம். ஆனால் போன் கம்பெனி போட்ட பழைய மென்பொருள் பாகங்கள் அடியில் அப்படியே கிடக்கும். இன்னொன்று சுத்தமானது, என் லேப்டாப்பில் ஓடுவதைப் போலவே. அதில் கால் போகும், குரல் கேட்காது. மெசேஜ் போகும்.

சென்டரில் கூட வேலை பார்க்கிற அக்கா சிரித்தார். "ஏங்க மேடம், போன் பேசறதுக்குங்களா, பூசை பண்றதுக்குங்களா?"

தங்கச்சிக்கு மெசேஜ் போனால் போதும். இருந்த கோபத்தில் சுத்தமானதையே போட்டேன்.

மத்தியானம் அண்ணன் வந்து நின்றான்.

"உன் போன் மேப்புல காணோம்."

"ரிப்பேரு."

"அப்ப உன்னோட இன்னொரு போன் ஓசூர்ல என்ன பண்ணுது?"

தங்கச்சி போன அன்று என் பழைய போனைத்தான் கொடுத்தனுப்பினேன். சிம் மட்டும் புதிது. உள்ளே இருந்தது அவன் மெயில். அது பீரோவில் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து இத்தனை நாள் அவன் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. என் போன் மறைந்ததும் தேடினான். அவன் மெயிலில் என் பெயரில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவன் கத்தவில்லை. கார் சாவியை எடுத்தான். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனான்.

'உடனே கிளம்பு, போனை அங்கேயே போட்டுவிடு' என்று தங்கச்சிக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. கால் போட்டேன். திரையில் விநாடி ஓடியது, காதில் ஒன்றுமில்லை. அம்மா போனிலிருந்து போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு நம்பர் எதையும் எடுக்காதே என்று தங்கச்சியிடம் நானே சொல்லி வைத்திருந்தேன். போலீசுக்குப் போட்டேன். "அண்ணன் தங்கச்சியப் பாக்கப் போறாரு. அதுக்கு எதுக்கும்மா பதர்றே?" என்றது ஒரு குரல்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டான். பழைய போனை என் முன்னால் வைத்தான்.

"உன்னுதுதானே? வெச்சுக்க. வூடு பூட்டியிருந்துச்சு. இது ஜன்னல்ல கெடந்துச்சு."

"அவ?" என்றாள் அம்மா.

"எனக்கென்ன தெரியும்? சோறு போடு."

கை கழுவப் போனான். ரொம்ப நேரம் கழுவினான்.

அந்தப் போனில் என் மெசேஜ் திறந்து படிக்கப்பட்டிருந்தது. படித்தது அவளா, அவனா?

ஓசூர் போய்ப் பார்த்தேன். பூட்டுத்தான் தொங்கியது. அவள் புருஷன் நம்பர் அன்றிலிருந்தே அணைந்து கிடக்கிறது.

வந்ததும் சுத்தமானதைத் துடைத்துவிட்டு, கால் பேசக்கூடிய அந்த இன்னொரு லினக்ஸைப் போட்டேன். அடியில் எவன் பாகம் கிடந்தால் எனக்கென்ன? என் நம்பர் அவளுக்கு மனப்பாடம். தினமும் சென்டர் போனிலிருந்து எனக்கு நானே போட்டுப் பார்க்கிறேன். மணி அடிக்கிறது. குரலும் நன்றாகக் கேட்கிறது.