காட்டில் கட்டிய நாய்கள்

எங்கள் உருத்திரபுரத்தில் தெய்வானைப்பிள்ளை என்ற கமக்காரியின் வாய்க்குப் பயப்படாத ஆண்கள் இல்லை. பயந்தார்களே தவிர, ஒருவரும் அவர் சொல் கேட்கவில்லை. நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட வருகிறார்கள் என்றால் போதும், ஊரார் தங்கள் நாய்களைக் காட்டில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். ஊசி போட்ட நாய் காட்டுப்பன்றிக்குப் பாயாதாம், வயல் அழிந்துபோகுமாம். தெய்வானைப்பிள்ளையின் நாய் மூன்று வருடமாக ஊசி போட்டும் பன்றி விரட்டியது. நாயோடு சேர்த்துப் புத்தியையும் காட்டில் கட்டிவிட்டு வந்தவர்களிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

1960இல் பக்கத்து வளவுக் கந்தவனம் ஒளித்த நாய்க்கு விசர் பிடித்தது. அது கடித்தது தெய்வானைப்பிள்ளையைத்தான். இரண்டு கிழமை தொப்புளைச் சுற்றி ஊசி வாங்கினார். கந்தவனமோ வெட்கமில்லாமல் இன்னொரு நாய் வளர்த்தார்.

மறுவருடம் ஊசிக்காரர் தன் படலைக்கு வந்தபோது கந்தவனம், "எங்களிட்டை நாய் இல்லை ஐயா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் காட்டுப் பக்கமிருந்து பதினொரு நாய்கள் ஓடிவந்தன. பின்னால் கத்தியோடு தெய்வானைப்பிள்ளை. கயிறுகளை அறுத்துவிட்டிருந்தார். ஒவ்வொரு நாயும் தன் வீட்டுக்குள் நுழைந்தது. கந்தவனத்தின் நாய் அவர் மேல் பாய்ந்து முகத்தை நக்கியது.

"உது ஆருடைய நாய்?" என்று கேட்டார் தெய்வானைப்பிள்ளை.

கந்தவனம் நாயைத் தள்ளிவிடப் பார்த்தார்.

"ஐயா, உதுக்குச் சொந்தக்காரர் இல்லையாம். கட்டாக்காலி நாயைச் சுடுறதுதானே? சுடச் சொல்லுங்கோ!"

கந்தவனம் நாயை இறுகக் கட்டிக்கொண்டார். "ஐயோ, என்ரை நாய்!"

"அப்ப அசையாமல் பிடியும்."