ஐசக்கின் நாற்காலியில் மூன்று கிட்டார்கள்

கம்ப்யூட்டரில் கிட்டார் வாசிக்கிற தொழிலில் விரல் தேய்வதில்லை, காதுதான் தேய்கிறது. வீட்டு மூலையில் ஒரு கீபோர்டையும் இரண்டு ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு, "நிஜம் மாதிரியே இருக்கணும்" என்று கேட்பவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுக்கும் சக துன்பவாசிகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கிட்டார் லைப்ரரி என்றால் புத்தக அலமாரி அல்ல. எங்கோ ஒரு நல்ல கலைஞரை உட்கார வைத்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல, அழுத்தி, வழுக்கி, அடக்கி என்று விதவிதமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து விற்கிறார்கள். நாம் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அவருடைய கிட்டார் ஒலிக்கும்.

எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கும் என் அறைக்கு ஐசக் வந்து கிட்டார் வாசித்துவிட்டுப் போவான். அவனுக்குத் தாராவியில் மொபைல் ரிப்பேர் கடை, செம்பூரில் வீடு, பன்னிரண்டு வருடப் பழக்கம். போன வருடம் தோல் பை பட்டறை வைத்திருக்கும் முத்தையா அண்ணாச்சி, தைப்பூசத்துக்கு ஆறு முருகன் பாட்டு கேட்டார். "மேளதாளம் வேண்டாம் தம்பி, கிட்டாரும் குரலும் போதும், நம்ம பிள்ளையளும் கேக்கணும்லா" என்றார். ஒப்புக்கொண்ட மறு வாரம், கடை ஷட்டரை இறக்கும்போது ஐசக்கின் இடது கை விரல்கள் இரண்டு மாட்டிக்கொண்டன. மூன்று மாதம் கம்பியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். தைப்பூசத்துக்கு இருந்தது இரண்டே மாதம்.

"அண்ணாச்சி வேலைய என்னல செய்யப்போற?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டான். தள்ளிப் போட்டாச்சு என்று பொய் சொன்னேன். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவனிடம், உன் இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார வைக்கப்போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரல் சரியான பிறகும் கூப்பிடமாட்டேன் என்று நினைத்து ஒதுங்கிவிடுவானோ என்று பயம். இந்தத் தொழிலில் எனக்கு நண்பன் என்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

பத்து விரல் கிட்டார்

முதல் லைப்ரரியை அதன் விளம்பரப் பாட்டைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தேன். இந்தத் தவறைச் செய்யாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். விளம்பரத்தில் தேனாக ஒழுகியது, என் அறைக்கு வந்ததும் சர்க்கஸ் பேண்டாக மாறிவிட்டது. குற்றம் அதனுடையதல்ல. பியானோ பழகிய கை என்னுடையது. கிட்டாருக்கு இருப்பது ஆறு கம்பி, ஒரே நேரத்தில் ஆறு சுரத்துக்கு மேல் வராது. இது தெரிந்திருந்தும் இரண்டு கையாலும் அகப்பட்ட கட்டையையெல்லாம் அழுத்தித் தள்ளியிருக்கிறேன். லைப்ரரியும் முகம் சுளிக்காமல் அத்தனையையும் வாசித்துக் கொடுத்திருக்கிறது.

பாட வந்தவர், எங்களுக்கு வழக்கமாகப் பாடும் பத்மா. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், வங்கி அதிகாரி, முறையாகப் பாட்டுக் கற்றவர். இரண்டு வரி கேட்டதும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நன்னாத்தான் இருக்கு சார். வாசிக்கறவருக்கு எத்தனை கைன்னு மட்டும் சொல்லிடுங்கோ."

சளி பிடித்த கிட்டார்

இரண்டாவது லைப்ரரியை வாங்கும்போது உஷாராக இருந்தேன். விளம்பரப் பாட்டைக் காதால் தொடவே இல்லை. ஒற்றைச் சுரத்தை இருபது முறை தட்டிப் பார்த்து, இருபதும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுகிறதா என்று கவனித்தேன். நிஜ ஆள் ஒரே சுரத்தை ஒரே மாதிரி இரண்டு முறை வாசிக்கமாட்டான். இதில் வேறுபட்டது. கம்பியில் விரல் உரசும் கீச்சுச் சத்தம்கூட இருந்தது. சந்தோஷத்தில் கையேட்டைப் படிக்காமல் முதல் பாட்டை முடித்து அண்ணாச்சிக்கு அனுப்பிவிட்டேன்.

அதைப் பதிவு செய்த புண்ணியவான்கள், வாசித்தவர் மூச்சு விடுவதையும் நாற்காலி முனகுவதையும் சேர்த்தே பிடித்து வைத்திருந்தார்கள். வேண்டாமென்றால் திரையில் ஒரு குமிழைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம். அந்தக் குமிழ் இருப்பது எனக்குத் தெரியாது. பட்டறையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட அண்ணாச்சி உடனே போன் செய்தார்.

"பாட்டு அருமையா இருக்கு தம்பி. வாசிக்குத பையனுக்குத்தான் சளி நெஞ்சக் கட்டிருக்கு, வெந்நி கிந்நி குடுத்தியளா?"

கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

லேடீஸ் டப்பாவில் பிறந்த சங்கதி

பயத்தில் மூன்றாவது ஒன்றும் வாங்கினேன். அதில் மூச்சும் இல்லை, முனகலும் இல்லை. ஆனால் கீபோர்டின் இடது கோடியில் இருக்கும் கட்டைகள் அதில் ஒலிக்காது. அவை உத்தரவுகள். ஒன்றை அழுத்தினால் அடுத்த சுரம் வழுக்கி வரும், இன்னொன்றை அழுத்தினால் அடங்கி வரும். இரண்டாவது பாட்டில் அந்த உத்தரவுகளைத் தாராளமாகத் தூவியிருந்தேன்.

பத்மா பாடிப் பழக, குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள ஒரு டிராக் கேட்டார். லைப்ரரியைத் திறந்தால் என் பழைய கம்ப்யூட்டர் திணறும் என்று, கிட்டாருக்குப் பதில் பியானோவை மாட்டி அனுப்பினேன். பியானோவுக்கு உத்தரவு என்றால் என்ன தெரியும்? அத்தனை ஊமைக் கட்டைகளையும் நடுநடுவே 'டொம்' 'டொம்' என்று அடித்திருக்கிறது. நான் கேட்டுப் பார்க்கவில்லை. பத்மா ஆபீஸ் போகும் லோக்கல் ரயிலில், லேடீஸ் டப்பா என்கிற பெண்கள் பெட்டியில், ஒரு வாரம் அதைக் கேட்டே பயிற்சி செய்திருக்கிறார். பாட வந்த அன்று சரணத்தில் எதிர்பாராத இடத்தில் குரலை நிறுத்தி ஒரு சுழற்று சுழற்றினார். கேட்க அழகாகத்தான் இருந்தது, ஏன் என்றுதான் புரியவில்லை. அனுப்பிய டிராக்கைப் போட்டுக் கேட்டதும் விஷயம் புரிந்தது, மன்னிப்புக் கேட்டேன். அவர் பையைத் திறந்து, பென்சிலால் குறித்து வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினார்.

"ஏதோ புது மாதிரி தாளம்னு நெனச்சுண்டு, ஒவ்வொரு டொம்முக்கும் ஒரு சங்கதி போட்டு வெச்சிருக்கேன் சார். இனிமே எடுக்கச் சொன்னா நான் பாடமாட்டேன்."

யார் அந்தப் பையன்?

அண்ணாச்சியின் போனில் ஸ்பீக்கர் கரகரத்தது. ரிப்பேருக்கு அவர் போன கடை, தாராவியில் எத்தனையோ கடை இருக்க, ஐசக்கின் கடை. இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. ஐசக் ஒற்றைக் கையால் சரி செய்துவிட்டு, சோதித்துப் பார்க்க ஏதாவது பாட்டுப் போடச் சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி பெருமையோடு எங்கள் முதல் பாட்டைப் போட்டிருக்கிறார். பாடுவது பத்மா, ஆகவே பாட்டு என்னுடையது என்று அவனுக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். கிட்டார் யார் என்று கேட்டதற்கு, "மாட்டுங்கா கேம்ப்ல ஒரு பையன், சளியோடவே என்னமா வாசிக்கான்" என்று பதில் கிடைத்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட உட்காரும்போது ஐசக் வந்தான். எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்றான். விஷயத்தை அவன் சொல்லச் சொல்ல எனக்குத் தட்டில் இருந்த சோறு தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"வேலை நின்னாத்தான் தப்பு, நடக்கட்டும்ல. அந்தப் பையன் யாருன்னு மட்டும் சொல்லு, நான் போயிருதேன்."

மேற்பார்வை

கையைக் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். திரையில் ஒரு கிட்டார் படம், நாலைந்து குமிழ்கள். கட்டையை அழுத்தினேன், ஒலித்தது. மூச்சுக் குமிழைத் திருகினேன், சளிக்காரர் வந்தார். திரும்பத் திருகினேன், போய்விட்டார். ஐசக் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆளே கெடையாதா?"

"கிடையாது."

"சத்தியமா?"

"சத்தியமா. சொல்லப் பயந்துட்டேன்ல."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "ராத்திரி சோறு எறங்கலல. எவனோ சின்னப் பய என் நாற்காலில உக்காந்துட்டான்னு நெனச்சேன். மிஷின்தான? இருந்துட்டுப் போட்டும், நாளைக்கு நான் வந்தா எந்திரிக்கவா மாட்டேங்கப்போவுது" என்றான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒன்றரை மாதமாக மூன்று கிட்டார் வாங்கியும் வராத நிம்மதி அந்த நிமிடம் வந்தது.

பிறகு மூன்று லைப்ரரிகளையும் கண்ணை மூடிக் கேட்டு, இரண்டாவதே போதும் என்றான். "ஆனா நீ வாசிக்க வெக்கது தப்புல. கை கீழ எறங்கும்போதுதான் ஆறு கம்பியிலயும் படும். மேல ஏறும்போது மூணு நாலுதான் படும்." வலது கையைக் காற்றில் ஆட்டிக் காட்டினான். அவன் சொன்ன இடங்களில் தடித்த கம்பிகளின் சுரங்களை அழித்தேன். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் வாடை போய்விட்டது. ஆறு பாட்டையும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இப்படியே திருத்திக் கொடுத்தான். பாட்டுகள் தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பே அண்ணாச்சி கைக்குப் போய்விட்டன. போஸ்டரில் கிட்டார் என்று யார் பெயரைப் போட என்று அவர் கேட்டபோது ஐசக்தான் போனை வாங்கிப் பேசினான்.

"கிட்டார்னு மிஷின் பேரையே போடுங்க அண்ணாச்சி. அதுக்குக் கீழ மேற்பார்வை ஐசக்னு போட்டுருங்க, அது மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல."

ஆகவே, நிஜம் போலவே ஒலிக்கும் கிட்டார் லைப்ரரியைத் தேடித் தூக்கம் கெடும் நண்பர்களே, எதையும் டவுன்லோடு செய்வதற்கு முன் உங்கள் நிஜக் கிட்டார்காரருக்கு ஒரு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டால், மூன்றில் இரண்டை வாங்காமலே தப்பித்துவிடலாம்.