தீமோத்தேயுவை விசாரித்த கதை

நேற்று என் மகள் சமையலறை மேசையில் இருந்தபடியே ஒரு பெடியனை விசாரித்து முடித்தாள். வட இத்தாலியில் பொலோனியாவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெடியன். அவளுடைய தோழிக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறது. தொலைபேசியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பெடியன் படித்த பள்ளிக்கூடம், போன கோடையில் குளித்த கடற்கரை, தாயின் பிறந்தநாள் கேக், முன்னாள் காதலியாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத்தக்க ஒருத்தி, எல்லாம் வரிசையாக வந்தன. நான் அடுப்பில் வைத்த கோப்பி பொங்குவதற்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. "த்ராங்கில்லோ பப்பா, யோசிக்காதேங்கோ, ஆள் பிழையில்லை."

கோப்பியை ஊற்றிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்தில் ஒரு மனிதனை விசாரிக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நீல நிற வான்கடிதம் ஒன்று வேண்டும். அதைப் பணிவும் தந்திரமுமாக எழுத ஒரு ஆள் வேண்டும். போர் நடக்கும் ஊருக்கு அது போய்ச் சேர அந்தோனியாரின் தயவும் வேண்டும். சிசிலித் தீவில் நாங்கள் வந்து சேர்ந்த பலெர்மோ நகரில் அந்த எழுதுகிற ஆள் நான்தான். உயர்தர வகுப்பில் தமிழுக்கு நல்ல புள்ளி எடுத்தவன் என்று நானே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்ததால் வந்த பதவி அது.

நம்மவரின் இந்த விசாரிப்பு வியாதி உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு பேர் உலகின் எந்த மூலையில் சந்தித்தாலும் முதல் கேள்வி, எந்த ஊர் என்பது: "எவடம்?" இரண்டாவது, "எவடத்திலை எவடம்?" மூன்றாவது, யாருடைய மகன் என்பது: "ஆற்றை மகன்?" இருவருக்கும் பொதுவாக ஒரு சித்தப்பாவோ, குறைந்தது ஒரு பகையாளியோ அகப்படும்வரை தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். அகப்பட்ட பிறகு நிம்மதியாகக் குடிப்பார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. கொஞ்சம் உண்டு.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் நான்கு பேரோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தேன். பகலில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் வயதான ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டைக் கூட்டித் துடைத்து, அவருக்குப் பாஸ்தா அவித்துக் கொடுத்து, அவித்தது பிழை என்று தினமும் ஏச்சு வாங்குவேன். வீட்டுவேலைக்காரருக்கு வியாழக்கிழமைப் பின்னேரம் ஓய்வு. அந்தப் பின்னேரங்களில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நாங்கள் கால்சா என்ற பழைய பகுதியில், ஒரு கோவிலின் பின்புற மண்டபத்தில் கூடுவோம். ஈரச் சுவர், மெழுகுதிரி, பழைய பாட்டுப் புத்தகம், யாரோ பொரித்துக் கொண்டுவந்த மீன் ரோல்ஸ், நான்கும் கலந்து ஒரு மணம். இன்றும் ஏதாவது நிலவறையில் ஈரவாடை அடித்தால் என் வாய் தானாக "அருள்நிறை மரியே" என்று தொடங்கும். எச்சிலும் ஊறும். எது முந்தி என்று கேட்காதீர்கள்.

ஒரு கார்த்திகை மாதம் பங்குக் குருவானவர் ஒரு நிபந்தனை போட்டார். மண்டபத் திறப்பை, அதாவது சாவியை, யாராவது ஒருவர் கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுக்க வேண்டும். அப்படிப் பொறுப்பெடுப்பவரே எங்கள் குழுவின் தலைவர். தவக்காலம் தொடங்குவதற்குள் பெயர் கொடுக்காவிட்டால் மண்டபம் பந்தடிக்கிற இளைஞர்களுக்குப் போய்விடும். அதை விட்டால் தமிழில் செபிக்கவோ சண்டை பிடிக்கவோ எங்களுக்கு வேறு இடம் கிடையாது. தலைமைக்குப் பொருத்தமான ஆள் யார் என்பதில் எனக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நான்தான்.

ஆனால் எல்லாருடைய வாயிலும் வந்த பெயர் அருள். வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, வயது இருபத்து மூன்று. ஓர்கன் வாசிப்பான். எங்கள் கரகரத்த தொண்டைகளை ஒரே சுருதியில் நிற்கவைத்த முதல் மனிதன் அவன்தான். இத்தாலியன் தண்ணீர்பட்ட பாடு. யாருக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமென்றாலும் விடியற்காலையில் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்து வரிசையில் அவர்களோடு போய் நிற்பான். நானும் நின்றிருக்கிறேன், என்னுடையதற்கு.

அவனை ஏற்காதவர் மரியதாஸ் அண்ணை ஒருவர்தான். மன்னார்க்காரர், கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் வாயில் காவலர். பலெர்மோவுக்கு முதலில் வந்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. அவருடைய தம்பியை ஒரு சோதனைச் சாவடியில் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் விசாரிப்பு வாயை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, உவன் அருள் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலை ரெலிபோன் கடையிலை நிண்டு சிங்களத்திலை கதைச்சவன். நான் கேட்டனான்."

"கொழும்புப் பக்கம் இருந்தவை எல்லாரும் சிங்களம் கதைப்பினம்தானே அண்ணை."

"கதைக்கிறது வேறை. உவன் சிரிச்சவன். பயத்திலை படிச்ச பாஷையிலை ஒருத்தன் அப்பிடிச் சிரிக்க மாட்டான். ஆற்றை பிள்ளை எண்டு ஊருக்கு எழுதி விசாரி."

அருளின் முழுப் பெயரில் பெர்னாண்டோ இருந்தது. அந்தப் பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தமிழர், சிங்களவர் இரண்டு பக்கமும் பெர்னாண்டோக்கள் மலிந்து கிடக்கிறார்கள். தாய் மன்னார், வளர்ந்தது நீர்கொழும்பு என்பது மட்டும் தெரியும். "சரி அண்ணை, நீங்கள் சொல்லுறபடியால் எழுதுறன்" என்று தயங்குவதுபோல் நடித்தேன். உண்மையில் அன்று பின்னேரமே எழுதிவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுறுசுறுப்பாக நான் எதையும் செய்ததில்லை. சிஞ்ஞோரா கேட்டால் நம்பவே மாட்டார்.

கடிதம் மன்னாரில் எங்கள் ஊர்க்கோவில் உபதேசியாருக்குப் போனது. ஞானஸ்நானப் புத்தகம், கலியாணப் புத்தகம் எல்லாம் அவர் கையில்தான். யாருடைய கொள்ளுப்பாட்டன் எந்த வள்ளத்தில் வந்து இறங்கினான் என்பதும் அவருக்குத் தெரியும். பதில் வரும்வரை மரியதாஸ் அண்ணையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்து அர்த்தத்தோடு தலையாட்டிக்கொண்டு திரிந்தோம். அருளுக்கு இது எல்லாம் தெரியும். நம்மவரிடம் இரகசிய விசாரிப்பு என்று ஒன்று கிடையாது.

தை மாதக் கடைசியில் தீமோத்தேயு என்ற புனிதரின் திருநாள் வந்தது. அவரைப் பற்றிச் சிறு பிரசங்கம் செய்யச் சொல்லிக் குருவானவர் அருளிடம் ஒப்படைத்திருந்தார். அருள் எழுந்து, ஊரிலிருந்து வந்த விசாரிப்புப் பதிலை வாசிப்பவன் போலவே தொடங்கினான்.

"பேர் தீமோத்தேயு. ஊர் லிஸ்திரா, இப்ப துருக்கியிலை இருக்கு. தாய் யூதப் பெண், பேர் எயூனிக்கே. அம்மம்மாவின்ரை பேர் லோயி. ரெண்டு பேரும் நல்ல விசுவாசம். ஆள் சின்ன வயசு, கொஞ்சம் பயந்த சுபாவம், வயித்திலையும் வருத்தம்."

மண்டபம் கதிரை நுனிக்கு வந்துவிட்டது. ஒரு அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரத்தை நாங்கள் அப்படிக் கேட்டதே இல்லை. சின்னப்பர், அதாவது புதிய புத்தகங்களில் பவுல் என்று போடுகிறார்களே அவர், தீமோத்தேயுவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக முன்னர் லிஸ்திராவிலும் பக்கத்து ஊரிலும் அவனைப் பற்றி நல்ல சொல் கேட்டாராம். "ரெண்டு ஊரிலை விசாரிச்சிருக்கிறார்" என்று அருள் சொன்னதும் மரியதாஸ் அண்ணை பெருமையோடு என்னைப் பார்த்தார். அப்போஸ்தலரே நமது கட்சி என்பதுபோல.

பிறகு வில்லங்கம் வந்தது. தகப்பன் கிரேக்கர் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்ததால், யூதர்களின் வாயை அடைக்கச் சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார் என்றான் அருள். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் அது என்ன என்று சத்தமாகக் கேட்டாள். தாய்மார் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. வயிற்று வருத்தத்துக்குக் கொஞ்சம் வைன் குடிக்கும்படி சின்னப்பர் புத்தி சொன்ன இடத்தில்தான் ஆண்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். அடுத்த வாரம் முழுக்கச் சீசாவில் பலருக்கு வயிற்று வருத்தம்.

"தேப்பன்ரை பேர் என்ன?" மரியதாஸ் அண்ணை கேட்டார். விசாரிப்பில் ஒரு கட்டம் நிரப்பாமல் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது.

"இல்லை அண்ணை. தாயின்ரை பேர் இருக்கு, அம்மம்மாவின்ரை பேர் இருக்கு. தகப்பன் கிரேக்கர் எண்டு மட்டும்தான் இருக்கு. பேரை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

அன்று சீசாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஏதோ குத்திக்கொண்டே வந்தது. இதுவரை உங்களுக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மா பிறப்பால் கத்தோலிக்கர் அல்ல. யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு சைவக் குடும்பம். மன்னார்க்காரரான என் அப்பாவை விரும்பி வந்து, ஞானஸ்நானம் எடுத்துத் திரேசம்மா ஆனார். சமைக்கும்போது தேவாரம் முணுமுணுப்பார். யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் அது மாதா பாட்டாக மாறிவிடும். அவ்வளவு நேர்த்தியான மாற்றத்தை நான் எந்த ஓர்கனிலும் கேட்டதில்லை. பலெர்மோவில் நான் அம்மா யாழ்ப்பாணம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கேட்டவர்கள் குருநகர்க் கத்தோலிக்கர் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. தலைவராக வர ஆசைப்பட்டவன் அல்லவா?

தவக்காலத்துக்கு ஒரு வாரம் முன்பு உபதேசியாரின் பதில் வந்தது. அருளின் தாயைப் பற்றி ஒரு பக்கம், எல்லாம் நல்லது. தகப்பன் நீர்கொழும்புச் சிங்களவர் என்றும், கலியாணம் மன்னார்க் கோவிலில் நடந்தது என்றும் எழுதி, அவர் பெயரையும் தொழிலையும் போட்டிருந்தார். படித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் கடிதத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய நான்கு வரி இருந்தது.

"தம்பி, உன்னைப் பற்றியும் மரியதாஸ் விசாரித்து எழுதியிருந்தார். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம் என்று பதில் போட்டேன். உன் அம்மாவின் பழைய பெயரை எழுதவில்லை. அது அவர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்."

முதலில் மரியதாஸ் அண்ணை மேல் கோபம் வந்தது. என்னை விசாரிக்கும் கடிதத்தை என்னைக்கொண்டே எழுதுவிக்க முடியாது என்பதால், யாரோ கோழிக் கிறுக்கலாக எழுதுகிறவனைப் பிடித்திருக்கிறார்! பிறகு கோபம் வடிந்து வெட்கம் வந்தது. உபதேசியார் எனக்குச் செய்த உபகாரத்தை நான் அருளுக்குச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அருள் மூலையில் ஓர்கனுக்கு வயர் பொருத்திக்கொண்டிருந்தான். "வாசி தம்பி. அவன் நிண்டால் என்ன?" என்றார் மரியதாஸ் அண்ணை. நான் வான்கடிதத்தை விரித்து, தாயின் பக்கத்தைக் கணீரென்று வாசித்தேன். தகப்பன் வரும் வரிகளைத் தாண்டி, "ஆகையால் பிள்ளையில் ஒரு குறையும் இல்லை" என்று நானே ஒரு முடிவு கட்டி மடித்துவிட்டேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

அருள் வயரைக் கீழே வைத்தான். "அப்பாவை ஏன் அண்ணை விட்டிட்டியள்?"

அவன் எல்லாரையும் பார்த்து, குரல் உயர்த்தாமல் சொன்னான். "என்ரை அப்பா சிங்களவர். பேர் சிறில் பெர்னாண்டோ. கிழமைக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்து அவரோடைதான் கதைக்கிறனான். அதுக்காக என்னட்டைத் திறப்பைத் தரேலாதெண்டால் தர வேண்டாம். அவர் இல்லை எண்டு மட்டும் வாசிக்காதேங்கோ."

எல்லாரும் மரியதாஸ் அண்ணையைப் பார்த்தோம். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் பாதி மண்டபம் அவரோடு போயிருக்கும். அவர் நிமிர்ந்து கேட்டார். "கொப்பருக்கு என்ன தொழில்?"

"கருவாட்டு வியாபாரம்."

"எவடத்துக் கருவாடு?"

"மன்னார்க் கருவாடுதான். சண்டை வந்த பிறகு எடுக்கேலாமப் போட்டுது. யாவாரம் படுத்திட்டுது. அதாலைதான் நான் இஞ்சை வந்தனான்."

"பேசாலையிலை வள்ளம் வச்சிருக்கிற சம்மாட்டிமாரிட்டை எடுத்தவரோ?"

"ஓம்."

"அப்ப என்ரை ஐயாவிட்டையும் எடுத்திருப்பார்." மரியதாஸ் அண்ணை முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "சரி. பாட்டைத் தொடங்கு. நேரம் போகுது."

திறப்பு அருளுக்குப் போனது. கதிரைகளை அடுக்கும்போது நான் அவனிடம் போய், என் அம்மாவின் பழைய பெயர் சிவபாக்கியம் என்று சொன்னேன். பலெர்மோவில் நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவன். அவன் ஆச்சரியப்படவில்லை. "அம்மாவுக்கு அந்தப் பேரிலை இப்பவும் விருப்பமோ?" என்று கேட்டான். தெரியாது என்றேன், ஒருபோதும் கேட்டதில்லை.

மரியதாஸ் அண்ணை இப்போது இல்லை. அருள் இத்தாலியக் கடவுச்சீட்டு எடுத்த பிறகு, எங்கள் ஆட்களில் பாதிப்பேரைப் போல இங்கிலாந்துக்குப் போய்விட்டான். மண்டபத்துச் சுவர்களுக்கு ஈரம் போக மருந்தடித்து, இப்போது அதில் பொம்மலாட்டப் பயிற்சி நடக்கிறதாம். வான்கடிதமும் யாரும் விற்பதாகத் தெரியவில்லை. அம்மா போரில் இடம்பெயர்ந்து இருந்த ஊரிலேயே காலமானார். நான் அந்தச் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. கல்லறையில் திரேசம்மா என்று மட்டும் எழுதியிருக்கிறது.

அருள் கேட்டதற்குப் பிறகும் அம்மா ஆறு வருடம் உயிரோடு இருந்தார். அந்த ஆறு வருடத்தில் ஊரில் உள்ள எத்தனையோ பேரைப் பற்றி, எத்தனையோ பேருக்காக நான் விசாரித்து எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் அந்த ஒன்றை மட்டும் கேட்டு எழுதவில்லை.