வெர்லன் டிட்வெல் தூக்கியது எந்த விரல்?

வெர்லன் டிட்வெல் பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே விரலைத் தூக்கக் கற்றுக்கொண்டவர். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. அமரில்லோ நகருக்குக் கிழக்கே கோதுமைக் காட்டுச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழுந்து இறங்க வேண்டும். அதுதான் எங்கள் வணக்கம். வருகிறவர் பங்காளியா பகையாளியா என்பதெல்லாம் பிறகு. விரல் எழவில்லை என்றால், "அவனுக்கு என்னவாம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பொழுது சாய்வதற்குள் மூன்று வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

வெர்லன் பிறந்தது கிளாட் என்ற சின்ன ஊரில். டிட்வெல் குடும்பத்துக்கு நிலம் கொஞ்சம், காது பெரிது. பட்டாளத்தில் இரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பினார். அப்பாவோடு சேர்ந்து கோதுமை போட்டார், அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆலங்கட்டி மழை வந்து அத்தனையையும் துவைத்துப் போட்டது. "வானத்தை நம்பின வரைக்கும் போதும்" என்று ஊருக்கு வெளியே இருந்த அணுகுண்டுத் தொழிற்சாலையில் காவலர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து ரயிலுக்கு மாற்றினார்கள். ரயிலைப் பற்றி யாரிடமும், மனைவியிடமும்கூட, மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மனைவி ஒலீட்டாவும் கேட்கிற ஜாதி இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவளுக்கு வேறு வேலை இல்லையா என்ன. பயணத்துக்கு முந்தின நாள் மட்டும் ஒரு கேள்வி உண்டு.

"எந்த ஊருக்குப் போற?"

"திரும்பி வர்ற ஊருக்கு."

"அங்க குளிருமா?"

"சொல்லக் கூடாது."

"சரி, ஸ்வெட்டர் வச்சிருக்கேன்."

அந்த ரயிலில்தான் அணுகுண்டுகள் போகும். முன்னும் பின்னும் காவல் பெட்டிகள். அவற்றின் கூரையில் இரும்புக் கூண்டு ஒன்று புடைத்து நிற்கும், அதில் குண்டு துளைக்காத கண்ணாடி, அதற்குள் நாற்காலியில் துப்பாக்கியோடு வெர்லன். கீழே அடுக்குப் படுக்கைகள், ஒரு அடுப்பு, எப்போதும் கொதித்துக் கறுத்த காபி. அந்தப் பெட்டிகளில் ஒன்று இன்று பழைய ரயில்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் முற்றத்தில் நிற்கிறது, பார்க்க வருகிறவர்கள் கூண்டில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு அதன் பக்கம் திரும்பினாலே துப்பாக்கியும் திரும்பும்.

சரக்கு சூடாகக் கூடாதென்று ரயில் முழுக்க வெள்ளை அடித்திருந்தார்கள். மஞ்சள் புல்வெளி, மரம் மட்டை கிடையாது, நடுவே ஆடி அசைந்து போகும் வெள்ளை ரயில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம், இவர்கள் பூசணிக்காய்க்குச் சுண்ணாம்பும் அடித்து மறைத்தார்கள். அணுகுண்டு வேண்டாம் என்று சொன்னவர்கள் ஊருக்கு ஊர் போன் பண்ணி, பலகை பிடித்துத் தண்டவாள ஓரத்தில் நின்றார்கள். மேலிடம் ஆழ்ந்து யோசித்துப் பெட்டிகளுக்குச் சிவப்பும் பச்சையும் சாம்பலுமாக நிறம் மாற்றியது. அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகளும் அடையாளம் சொல்ல ஆரம்பித்தன.

ஒயிட் டியர் ஊர் ரயில் கேட்டில் தவறாமல் நிற்பவர் பெர்னடெட் உர்பான்சிக் அம்மாள். எழுபத்திரண்டு வயது, கணவர் இல்லை, போலந்து வழி வந்த கத்தோலிக்கக் குடும்பம், அறுநூறு ஏக்கர் கோதுமை. கூச்சல் போட மாட்டார். "கொலை செய்யாதே" என்று எழுதிய பலகையை ஒரு கையில் பிடித்து, மறு கையில் ஜெபமாலை உருட்டுவார். ஆனால் அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு அக்டோபரில் ஒரு நாள் ரயில் நெருங்கியபோது, கூண்டுக்குள் ஒரு மனிதர் தெரிய, ஜெபமாலைக்கு நடுவிலிருந்து அந்த அம்மாளின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது. கூண்டில் கம்பியைப் பிடித்திருந்த வெர்லனின் விரலும் தானாக எழுந்தது. புத்தி குறுக்கே வருவதற்குள் இரண்டு விரலும் இறங்கிவிட்டன.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெளியூர்ப் புகைப்படக்காரன் நின்றிருந்தான். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னே மங்கலாக ஒரு முகம், அதன் இரண்டு பக்கமும் காது, முன்னே தூக்கிய ஒற்றை விரல். கீழே கொட்டை எழுத்தில்: "ஜெபிக்கும் மூதாட்டிக்கு நடுவிரல் காட்டிய அணுகுண்டுக் காவலர்."

ஒலீட்டா படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

"இது யாரு?"

"யாருன்னு சொல்ல எனக்கு உத்தரவில்ல."

"அந்தக் காது உன் அப்பா காது. அதைச் சொல்ல எனக்கு எவன் உத்தரவு வேணும்? ஜெபம் பண்ற பொம்பளைக்கு அந்த விரலையா காட்டுவ? வளர்ந்தவன்தானே நீ?"

"ஒலீட்டா, அது ஆள்காட்டி விரல். அவங்க கும்பிடு போட்டாங்க, நானும் போட்டேன். அவ்வளவுதான்."

அவள் படத்தை முகத்தருகே வைத்துப் பார்த்தாள். கையின் சாய்வைப் பார்த்ததும் நம்பிவிட்டாள். "அப்ப அதைப் போய்ச் சொல்லேன், மண்டு!"

அதைச் சொல்லத்தான் போனார். விசாரிக்கக் கிழக்கே இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து லெஸ்டர் விட்காம்ப் என்ற அதிகாரி வந்திருந்தார். பளபளவென்ற காலணி, களைத்த முகம்.

"இது என்ன ஊர் மிஸ்டர் டிட்வெல்? விமான நிலையத்துலேர்ந்து வர்ற வழியில எதிர்ல வர்ற ஆளெல்லாம் என் காரைப் பார்த்து விரலைக் காட்டுறான். டயர்ல காத்து போச்சோன்னு ரெண்டு தடவை இறங்கிப் பார்த்தேன்."

"அது வணக்கம் சார்."

"முன்ன பின்ன தெரியாத ஆளுக்கா?"

"தெரிஞ்ச ஆளுன்னா வண்டியை நிறுத்திப் பேசிடுவோமே சார்."

விட்காம்ப் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு விதிப் புத்தகத்தைத் திறந்தார். "நல்லாக் கேட்டுக்குங்க. நடுவிரல்னா ஒழுங்கீனம். கோபத்துல செஞ்சிட்டேன்னு ஒரு மன்னிப்புக் கடிதம், ஒரு எச்சரிக்கை, முடிஞ்சு போச்சு. ஆள்காட்டி விரல்னா எதிர்ப்பாளருக்குச் சைகை. அனுமதிச் சீட்டைப் பிடுங்கிடுவாங்க, வேலை அன்னிக்கே போயிடும். இப்ப சொல்லுங்க. எந்த விரல்?"

திட்டினால் மன்னிப்பு உண்டு, வணக்கம் சொன்னால் வேலை இல்லை. இருபத்தொரு வருட வேலை. ஒலீட்டாவின் முழங்கால் ஆபரேஷன் அடுத்த மாதம், அதற்கான காப்பீடும் அந்த வேலையோடுதான். வெர்லன் தன் வலது கையை ஏதோ வீட்டை விட்டு ஓடிப்போன நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆள்காட்டி விரல் பெயருக்கேற்றபடி ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"நடுவிரல் சார்" என்றார்.

மன்னிப்புக் கடிதம் பத்திரிகையில் வந்தது. "ஒரு காவலர்" என்று மட்டும் போட்டிருந்தார்கள், பெயர் இல்லை. டிட்வெல் காது இருக்கும்போது பெயர் எதற்கு? படத்தைச் சந்தேகப்பட்டவர்கள்கூட, அவரே ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்வார்கள்? அந்த வாரம் சாலையில் எதிரே வந்த பதினோரு பிக்கப் வண்டிகளில் ஒரு விரல்கூட எழவில்லை. தேவாலயத்து மூப்பர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி போனார். வெர்லன் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"இறங்கி வாயேன், சோறு ஆறுது" என்றாள் ஒலீட்டா.

"ஊருக்கு நான் செத்துட்டேன் ஒலீட்டா."

"செத்தவன் வீட்டுக்குக் கேக் கொண்டுவருவாங்க. உனக்கு அதுவும் வரல." சொல்லிவிட்டு அவளே வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் போனால் போகட்டும். அந்த அம்மாள் என்ன நினைப்பார்? எழுந்தது எந்த விரல் என்று தெரிந்த ஒரே சாட்சி அவர். தான் போட்ட கும்பிடைத் தானே வசவு என்று எழுதிக் கொடுத்த கோழை என்று நினைக்க மாட்டாரா? நேரில் போய்ச் சொல்லவும் வழியில்லை. எதிர்ப்பாளர் வீட்டு வாசலை மிதித்தால் அதற்கும் விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. வெர்லனுக்கு இரண்டு மாதம் சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரியில் அடுத்த பயணம். இந்தத் தடவை காவல் பெட்டிக்குப் பச்சை. தரையெல்லாம் உறைபனி. ஒயிட் டியர் நெருங்கியதும் வெர்லன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். இன்னொரு புகார் வந்தால் தொலைந்தார். கூண்டின் மறுபக்கம் கூட்டாளி ஓரன் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தான்.

பெர்னடெட் அம்மாள் அதே இடத்தில் நின்றிருந்தார். கொஞ்சம் தள்ளி அந்தப் புகைப்படக்காரனும் நின்றிருந்தான். ரயில் ஊர்ந்து வந்தது. அம்மாள் பலகையைப் பனியில் சாய்த்து வைத்தார். வலது கை உறையைப் பல்லால் கடித்து உருவினார். நிமிர்ந்து வெர்லனை நேராகப் பார்த்தார். பிறகு பாதிரியார் யாராவது வருகிறாரா என்பதுபோல இடமும் வலமும் பார்த்துவிட்டு, நடுவிரலை, மெல்லத் தூக்கி மெல்ல இறக்கினார். எங்கள் ஊர்ச் சாலையில் எப்படித் தூக்கி இறக்குவோமோ, அப்படி. பழக்கமில்லாத விரல், மற்ற விரல்களை மடக்கி வைக்க இடது கையின் உதவி தேவைப்பட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

வெர்லனுக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் கடிதத்தைப் படித்திருக்கிறார். வணக்கம் சொன்னால் இந்த மனிதனுக்கு வேலை போய்விடும் என்று கண்டுபிடித்திருக்கிறார். கையை எடுக்க முடியாத வெர்லனின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"பாத்தியா அந்தக் கிழவியை!" ஓரன் துள்ளினான். "உன்னை எப்படித் திட்டுது பாரு! பகைச் சைகைன்னு புத்தகத்துல ஏத்திடவா?"

"ஏத்து" என்றார் வெர்லன். "பெரிய எழுத்துல ஏத்து. யாரும் அந்த அம்மாவை என் சிநேகிதின்னு சொல்லிடக் கூடாது."