செசிலி அக்காவின் முதல் கையெழுத்து

பார்வை இழந்தவளுக்குச் சொத்து எதற்கு என்பதே எண்பதுகளில் எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. செசிலி அக்காவுக்கு அப்பா எழுதிவைத்த வீட்டையும் நிலத்தையும் அண்ணன் தன்னுடையதாகவே எண்ணினார்.

ஒருநாள் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "கண் முகாமுக்கு மனு. அக்காகிட்ட கைநாட்டு வாங்கிக் குடும்மா" என்றார்.

"படிச்சியா?" என்று அக்கா கேட்டாள். அண்ணனை நம்பி, படிக்காமலே "படிச்சேன்" என்றேன்.

நல்லவேளை, அக்கா கைநாட்டு வைக்கவில்லை. பென்னாகரம் மாதா கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் கூடும் பார்வையற்றோரிடம், அட்டையில் வெட்டிய துளைக்குள் பேனாவை ஓட்டிக் கையெழுத்திடப் பழகியிருந்தாள். முதல் கையெழுத்தை அவர்கள் முன்னிலையில் இட ஆசைப்பட்டாள். அங்கே படிப்பவர் யாருமில்லை என்ற தைரியத்தில் அண்ணனும் வந்தார்.

ஆனால் எதையும் உடன் வந்தவர் உரக்க வாசித்த பிறகே கையெழுத்து என்பது அங்கு வழக்கம். வாசிக்க எடுத்த நான் இரண்டாம் வரியிலேயே நிறுத்தினேன். அது விடுதலைப் பத்திரம். அக்காவின் சொத்து முழுதும் அண்ணனுக்கு. அதை அவரிடமே கொடுத்தேன்.

"நீங்களே படிங்கண்ணா. இங்க யாருக்கும் கண்ணு தெரியாது, கூச்சப்படாதீங்க."

அவர் திக்கித் திக்கிப் படித்துப் பாதியில் நின்றார். நாற்காலி பின்னும் மாரப்பன் கேட்டார்: "ஏனுங்க, உங்களுக்கும் பார்வை மங்கிருச்சுங்களா?"

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் இனிக்கிறது.

அக்கா சொல்ல, அடியில் "சம்மதமில்லை" என்று எழுதினேன். அக்கா நிதானமாகக் கையெழுத்திட்டாள்.

அன்றுமுதல் அந்தக் கூடத்தில் எல்லோருடைய காகிதங்களையும் கடைசி வரிவரை நானே வாசிக்கிறேன். அண்ணன் பிறகு வரவில்லை, நாங்களும் அழைக்கவில்லை. அந்த வீட்டில் அக்காவும் நானும் இருக்கிறோம்.