விளக்குக்கு மட்டும் பொட்டு

வெள்ளிக்கிழமை காலையில் என் கணவரின் பைக்கைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது முன்விளக்குக்கு மட்டும்தான் வைப்பேன். ஹேண்டில்பாருக்கோ மீட்டருக்கோ வைப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை காரணம் கேட்டார். எங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, சரியாகத்தான் சொன்னோமா என்று எனக்கே சந்தேகம். வழக்கம்தான். ஆனால் அது சாமி சம்பந்தப்பட்டதில்லை, ஒரு பிரேக் சம்பந்தப்பட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா கீழ்பென்னாத்தூரில் கணக்கு வாத்தியார். அதுவரை பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவர், அடி அண்ணாமலையில் இருந்த அம்மாவின் தம்பி புது வண்டி எடுத்தபோது அவருடைய பழைய பைக்கை வாங்கிக்கொண்டார். அம்மாவின் தம்பி எனக்கு மாமா. அக்காவின் கணவர் என்பதால் அவருக்கு அப்பா மாமா. வீட்டில் யார் 'மாமா' என்று கூப்பிட்டாலும் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார்.

வண்டி வந்த புதிதில் ஒரு பௌர்ணமி சாயங்காலம், ஊருக்குள் நுழையும் இடத்தில் கிரிவலக் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் சட்டென்று குறுக்கே வந்துவிட்டார். அப்பா பிரேக்கைப் பிடித்தும் வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. பெரியவரின் மஞ்சள் பையில் இடித்து, உள்ளே இருந்த தேங்காய் சாலையில் உருண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது அப்பா அதை வேடிக்கையாகச் சொன்னார்.

"அண்ணாமலையாருக்கு உடைக்க வெச்சிருந்த தேங்கா, என்னைப் பாத்ததும் உருண்டு ஓடிடுச்சு."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், அது விளிம்பைத் தாண்டும் வரைக்கும்.

மறுநாள் அப்பா அம்மாவை வாசலுக்கு அழைத்து, ஹேண்டில்பாரில் பிரேக் பிடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் திருகைக் காட்டினார். கையாலேயே திருப்பலாம்.

"இதத் திருப்பினா வெளிய வரும், கேபிள் டைட்டாகும். பிரேக்கு சட்டுனு பிடிக்கும். போதுமா? இனிமே பயப்படாத." கொஞ்சம் திருப்பியும் வைத்தார். அதோடு அவர் அந்தத் திருகை மறந்துபோனார்.

சில வாரங்களில் வண்டி கனக்க ஆரம்பித்தது. தள்ளினால் நகர மறுத்தது. பெட்ரோல் ஜாஸ்தி குடித்தது. கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்வதற்குள் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக் டிரம் தொட முடியாதபடி சுடுவதாகவும், கருகின வாசனை வருவதாகவும் அப்பா சொன்னார். யாரும் கை வைக்காமலே முன்பிரேக் பாதி பிடித்தபடி இருந்தது. மெக்கானிக் சக்கரத்தருகே உள்ள நட்டைத் தளர்த்திக் கொடுப்பார். சில நாள் நன்றாக ஓடும். வாரம் திரும்புவதற்குள் பழையபடி இறுகிவிடும்.

அப்பா கணக்குப் போட்டார். அவருக்கு ஒரே விடைதான் வந்தது.

"உள்ள ஏதோ கோளாறு இருக்கு. தெரிஞ்சேதான் உன் தம்பி என் தலையில கட்டிட்டான்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லைங்க."

"அப்ப வண்டி பொய் சொல்லுதா?"

இந்தப் பேச்சு எப்படியோ மாமாவின் காதுக்குப் போய்விட்டது. வாரம் தவறாமல் வருகிறவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்குக் காதுகுத்த நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். 'என்னைத் திருடன்னு சொல்ற வீட்டுக்கு என் மடி மட்டும் எதுக்கு' என்று மாமா கேட்டதாகச் சேதி வந்தது. அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பூஜையைக் கூட்டிக்கொண்டாள். பைக்கை முன்னைவிடக் கவனமாகத் துடைத்து, முன்னைவிடப் பெரிய பொட்டாக வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா தானாகவே வந்து நின்றார். கையில் ஸ்பேனர் பை. செருப்பைக் கழற்றவில்லை.

"மாமா, வெளிய வாங்க. உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கறேன். உள்ள கோளாறுன்னா வண்டிய நானே எடுத்துட்டுப் போறேன்."

"கோளாறு இல்லன்னா?"

"அத அப்பறம் பாக்கலாம்."

அப்பா ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்காருகிறவர் போல உட்கார்ந்தார். மாமா வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சீட்டின் கடைசியில் என்னைத் தூக்கி வைத்தார். முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பியது.

"நீதான் பாரம். அசையாம உக்காரு பாப்பா."

எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அது உரசிக்கொண்டே அரைச் சுற்று போய் நின்றது.

"பாத்தியா?" என்றார் அப்பா.

"நான் இன்னும் பாக்கவே இல்ல மாமா."

எஞ்சினுக்கு அடியில் செங்கல்லை அடுக்கி, என்னை இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கழற்றினார். டிரம்முக்குள்ளே கறுப்புத் தூள் படிந்து, பிறை போல இரண்டு பிரேக் கட்டைகள் இருந்தன. அவற்றைத் தேய்த்துத் துடைத்தார். இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கைச் சுண்டிக் காட்டினார். கட்டைகளை விரிக்கும் இரும்பு முளையை ஆட்டிக் காட்டினார். எல்லாம் வழவழவென்று நகர்ந்தன. அப்பா குனிந்து பார்த்தார், மறுபக்கம் போயும் பார்த்தார்.

"உள்ள எல்லாம் நல்லாதான் இருக்குது."

"அப்ப ஏன் பிடிக்குது?"

மாமா சக்கரத்தைத் திரும்ப மாட்டினார், கேபிளை மட்டும் மாட்டவில்லை. நான் மறுபடி பாரமானேன். இந்த முறை சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது, கம்பிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. மாமா கேபிளை விரலால் தடவிக்கொண்டே மேலே வந்தார். ஹேண்டில்பாருக்கு அருகே விரல் நின்றது.

அந்தச் சின்னத் திருகு கழன்று விழுகிற அளவுக்கு வெளியே வந்திருந்தது. அதன் மரைகளுக்குள் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. மாமா கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். குங்குமம். முன்விளக்கில் இருந்த பெரிய பொட்டைப் பார்த்தார். பிறகு வாசற்படியைப் பார்த்தார். அங்கே அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

நானும் அந்தக் குங்குமத்தைப் பார்த்தேன். எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பொட்டு வைத்து முடித்ததும் அம்மா எதையோ முணுமுணுத்துக்கொண்டு, ஊறுகாய் ஜாடியின் மூடியை இறுக்குவது போல அந்தத் திருகையும் கொஞ்சம் திருப்புவாள். அதுவும் பூஜையில் சேர்ந்தது என்றே நான் நினைத்திருந்தேன்.

"என்ன?" என்று அப்பா ஸ்டூலிலிருந்து கேட்டார்.

மாமா அழுக்குத் துணியால் திருகைத் துடைத்தார். அதை முழுக்க உள்ளே திருகினார். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

"தப்பு என்னுதுதான் மாமா. கேபிள் பழசு. உள்ள துரு ஏறி இழுத்துக்குது. குடுக்கும்போதே மாத்திக் குடுத்திருக்கணும்."

"நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னீங்க."

"கேபிள்னு சொல்லல. ஆனா கோளாறுன்னு சொன்னேன்."

"ஆமாங்க மாமா."

கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கிவந்து மாட்டினார். சக்கரம் நன்றாகச் சுற்றியது. அப்பாவே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

மாமா கை கழுவப் பின்பக்கம் போனபோது அம்மா சொம்பால் தண்ணீர் ஊற்றினாள். சோப்பு எடுத்துக்கொடுக்க நான் நின்றிருந்தேன்.

"அக்கா, இனிமே பொட்டு விளக்குக்கு மட்டும் வை. ஹேண்டில் பக்கம் கை வெக்காத."

"பிரேக்கு டைட்டா இருந்தா நல்லதுதானேடா" என்றாள்.

"நல்லதுதான்கா. வண்டி கொஞ்சம் போகவும் வேணும்ல." சிரித்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போற வேகத்துல முன்சக்கரம் இறுகிச்சுன்னா ஆளையே தூக்கி அடிச்சிடும்."

சொம்பில் இருந்த தண்ணீர் மாமாவின் கையில் விழாமல் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அவருகிட்ட..."

"அவருகிட்ட என்ன சொல்றது? கேபிள்தான் பழசு."

போன மாதம் என் மகளின் டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். வெயில் நாளில் குழந்தை தண்ணீரே குடிப்பதில்லையாம். பாட்டில் மூடியை அவளால் திறக்க முடியவில்லை, கேட்கவும் கூச்சப்படுகிறாள் என்றார். கசிந்து புத்தகம் நனைந்துவிடுமோ, வழியில் கொட்டிவிட்டால் தாகத்துக்கு என்ன செய்வாள் என்று, மூடிய மூடியை நான் தினமும் பையில் வைக்கும் முன் இன்னொரு தடவை இறுக்குவேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றுவிட்டேன். மறுநாள் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். அவள் பள்ளியிலிருந்து வரும்வரை, கசிந்திருக்குமோ என்று வேறு கவலை.

தம்பியின் காதுகுத்து அன்று நன்றாகவே நடந்தது. மாமாவின் மடியில் உட்கார்ந்து அவன் ஊரைக் கூட்டினான். பந்தியில் அப்பா மாமாவின் தோளில் கையைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"துருப்பிடிச்ச கேபிளோட வண்டிய என் தலையில கட்டினவன் இவன்தான். போனா போகுதுன்னு விட்டுட்டேன்."

பந்தியே சிரித்தது. மாமாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் குனிந்த தலை நிமிராமல் மாமாவின் இலையில் வடைமேல் வடையாக வைத்துக்கொண்டிருந்தாள். "போதும்கா" என்று அவர் கையால் மறித்தும் நிறுத்தவில்லை. தன் தம்பி செய்த தப்புக்காக அம்மா வெட்கப்படுகிறாள் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன். மாமாவின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.