முழுசாக்கா

"இதோ ஒரு புள்ளி. இதோ இன்னொண்ணு. புள்ளி வச்சவன் நிம்மதியாத் தூங்கிட்டான், நான்ல முழிச்சுக்கிட்டு இருக்கேன்!"

சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பூதக்கண்ணாடியைத் தாளின் மேல் நகர்த்துகிறார் முழுசாக்கா. போலீஸ் தரும் குற்றப் பதிவுச் சான்றிதழ்களை ஸ்பானிய மொழிக்குப் பெயர்ப்பது அவர் தொழில். தூதரகத்தில் அரைச் சொல் செல்லாது. ஒவ்வொரு சுருக்கத்தையும் விரித்தே ஆக வேண்டும். தப்பாக விரித்தால் ஒருவருடைய பயணம் அம்பேல்.

தொழில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கணவர் 'வ.லே.' என்று செய்தி அனுப்பினால், உடனே ஃபோன் போட்டு, "வலேன்னா? எங்க வலி?" என்பார். வர லேட்டாகும் என்று அந்த மனிதர் வாயால் முழுதாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்களின் இனிஷியலையும் விடமாட்டார். "அப்பா பேருக்குப் புள்ளி வச்சு மூடாதீங்க. முழுசா எழுதுங்க." பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

போன வாரம் வந்து நின்றவன் சொந்தக் கொழுந்தன், லாரி ஓட்டுநர். ஸ்பானியம் பேசும் நாடொன்றில் வேலை கிடைத்து, மறுநாள் விசா நேர்காணல். சான்றிதழில் ஒரே ஒரு வரி. முன்பு எப்போதோ கோபத்தில் லாரியைப் பின்னுக்கு எடுத்து, கிடங்கின் கதவைப் பெயர்த்த வழக்கு. முடிவு என்ற கட்டத்தில் 'டிஸ்.' என்று மட்டும் இருந்தது.

"டிஸ்மிஸ்தான் அண்ணி. வக்கீல் 'முடிஞ்சுது, கிளம்பு'ன்னாரு. கிளம்பிட்டேன்."

"டிஸ்மிஸ்னா கேஸே தள்ளுபடி. டிஸ்சார்ஜ்னா, தப்புதான், கண்டிச்சு விட்டுட்டாங்க. டிஸ்குவாலிஃபைன்னா வண்டி ஓட்டவே தடை. இதுல எது தம்பி?"

"கடைசிதுன்னா வேலை போச்சே! நல்லதாப் பாத்து ஒண்ணு போடுங்களேன்."

"கடைசிதுன்னா கடைசிதைத்தான் போடுவேன்."

"நீங்கல்லாம் ஒரு அண்ணியா!"

அக்காவுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் பிரியம் வேறு, கையெழுத்து வேறு. ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பதிவு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார்.

"டிஸ்னா டிஸ்தாம்மா," என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

"புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு சார்? பழைய பதிவை எடுத்துப் பாத்து முழுசாச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தார். பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. குமாஸ்தா திரும்பி வந்து, டிஸ்சார்ஜ் என்றார். கண்டித்து விடுவிப்பு, வண்டி ஓட்டத் தடை ஏதும் இல்லை. "அதையே ஈமெயில்ல அனுப்பிடுங்க சார்," என்று சொல்லி வாங்கிக்கொண்ட பிறகுதான் அக்கா மூச்சையும் மணிக்கட்டையும் விட்டார்.

"தள்ளுபடின்னு போட்டா இன்னும் கௌரவமா இருக்குமே அண்ணி?"

"ஏன், கதவு தானா வந்து லாரியில முட்டிச்சா?"

தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார். தாளை வாங்கிய கொழுந்தன், ஒரு சொல்லும் புரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடக் குனிந்தான். இனிஷியல், புள்ளி, பெயர்.

அக்கா அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்து, பேனாவை மறுபடியும் அவன் கைக்குள் திணித்தார்.